பந்து எறியும் கைக்கு விலை என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை.

ஓமலூரைச் சுற்றியுள்ள ஊர்களில், கடலைக்காய் பிடுங்கிய காடுகள் எல்லாம் ஆடுகளம் ஆகிவிடுகின்றன. மூன்று குச்சி. ஒரு மட்டை. ஒரு டென்னிஸ் பந்து. அது போதும். வெயில் ஏறும் வரை பையன்கள் ஆடுகிறார்கள்.

முன்பெல்லாம் பெரியவர்கள் வந்து விரட்டுவார்கள். "படிக்கிற பையனுக்கு இது என்ன வேலை?" என்று கேட்பார்கள்.

இப்போது விரட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறார்கள். காரணம் உண்டு. இதே பக்கத்து மண்ணில் பந்து எறிந்து பழகிய ஒரு கை, கோடிக் கணக்கில் விலை போயிருக்கிறது!

"நம் பையனுக்கும் அப்படி ஒரு யோகம் அடிக்குமா?"

பல வீடுகளில் இன்று எழும் கேள்வி இது. இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், இரண்டு சங்கதிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த விலை எப்படி வருகிறது? இன்னொன்று, விலை வருவதற்கு முன்பு செலவு செய்தவர் யார்?

சின்னப்பம்பட்டிப் பையன்

ஓமலூரிலிருந்து தாரமங்கலம் போய், அதையும் தாண்டினால் சின்னப்பம்பட்டி வரும். சேலம் மாவட்டத்துச் சிற்றூர்.

அந்த ஊர்க்காரர்தான் கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜன். 1991-ல் பிறந்தவர். தந்தை நெசவுக்கூடத்தில் கூலி வேலை பார்த்தவர். தாய் தெருவோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். ஐந்து பிள்ளைகளில் நடராஜன் மூத்தவர்.

20 வயது வரையில் அவர் ஆடியது டென்னிஸ் பந்து ஆட்டம்தான். தோல் பந்து வாங்கவும், காலுக்கு நல்ல பூட்ஸ் வாங்கவும் வீட்டில் வசதி இல்லை.

அப்போது அவர் திறமையைக் கண்டுகொண்டவர், அதே ஊர் ஜெயப்பிரகாஷ். நடராஜனுக்கு அவர் அண்ணன் மாதிரி. சென்னைக்கு அழைத்துப் போனார். அங்குள்ள சங்கங்களில் ஆட வழி செய்தார்.

அந்த நன்றியை நடராஜன் மறக்கவில்லை. ஐ.பி.எல். பந்தயத்தில் ஆடியபோது, சட்டையின் முதுகில் தம் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. "ஜே.பி. நட்டு" என்று போட்டுக்கொண்டார். ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ்!

வழியில் ஒரு பள்ளமும் வந்தது. 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஆடினார். பந்து எறியும் முறையில் சந்தேகம் இருப்பதாகப் புகார் எழுந்தது. கை மடங்குகிறது என்றார்கள். பலர் அந்த இடத்தில் ஊர் திரும்பியிருப்பார்கள். நடராஜன் திரும்பவில்லை. பயிற்சியாளர்கள் துணையோடு எறியும் முறையைத் திருத்திக்கொண்டார்.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் பந்தயம் தொடங்கியது. திண்டுக்கல் அணிக்காக ஆடினார். மட்டைக்காரரின் கால் நுனியில் குத்தும் பந்துகளை அடுத்தடுத்துப் போட்டார். அதற்குப் பெயர் யார்க்கர். பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

ஏறியது, இறங்கியது

2017 பிப்ரவரி 20. பெங்களூரில் ஐ.பி.எல். ஏலம்.

நடராஜனுக்குக் குறைந்தபட்ச விலையாக வைத்தது 10 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி அவரை எடுத்த விலை 3 கோடி ரூபாய்!

இந்த இடத்தோடு கதையை முடித்துவிட்டால் சினிமாப் படம் போல இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

பஞ்சாப் அணிக்கு அவர் ஆடியது 6 ஆட்டம். எடுத்தது 2 விக்கெட். 2018 ஏலத்தில் ஐதராபாத் அணி அவரை எடுத்தது. விலை 40 லட்சம். ஓராண்டில் விலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக விழுந்தது.

2018-லும் 2019-லும் அவருக்கு ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தார்.

2020-ல் வாய்ப்பு வந்தது. 16 ஆட்டத்தில் 16 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டுக் கடைசியில் இந்திய அணியோடு ஆஸ்திரேலியா போனார். முதலில் பயிற்சியில் பந்து போடுகிறவராகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே ஆட்டக்காரர்கள் பலருக்குக் காயம். டிசம்பர் 2-ல் ஒரு நாள் ஆட்டம். 4-ல் 20 ஓவர் ஆட்டம். 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேன் நகரில் டெஸ்ட் ஆட்டம். மூன்று வகை ஆட்டத்திலும் ஒரே பயணத்தில் முதன்முதலாகக் களம் இறங்கிய முதல் இந்தியர் என்ற பெயர் பெற்றார்.

ஊர் திரும்பியபோது, சின்னப்பம்பட்டி மக்கள் குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள்.

அதன்பின் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. 2022 ஏலத்தில் விலை 4 கோடி. 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அணி கொடுத்த விலை 10 கோடியே 75 லட்சம். ஆனால் 2025 பந்தயத்தில் அவருக்குக் கிடைத்தது 2 ஆட்டம்தான்!

3 கோடி, 40 லட்சம், 4 கோடி, பத்தே முக்கால் கோடி. கை அதே கை. விலைதான் ஏறுகிறது, இறங்குகிறது.

மஞ்சள் ஏலம் போலத்தான்

திருச்செங்கோட்டில் மஞ்சள் ஏலம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

மூட்டைக்குள் இருக்கும் மஞ்சள் போன வாரமும் நல்ல மஞ்சள்தான். இந்த வாரமும் நல்ல மஞ்சள்தான். ஆனால் விலை வேறு. அன்றைக்கு எத்தனை வியாபாரி வந்தார், எத்தனை மூட்டை வந்தது, யார் கையில் எவ்வளவு பணம் இருந்தது என்பதைப் பொறுத்து விலை அமைகிறது.

ஐ.பி.எல். ஏலமும் அப்படித்தான். 10 அணிகள். 2025 பந்தயத்துக்கு ஒவ்வோர் அணியும் வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய தொகை 120 கோடி ரூபாய். ஓர் அணியில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இடக்கை வேகப்பந்து வீரர் ஒருவர் இரண்டு அணிகளுக்குத் தேவை என்றால், விலை பறக்கும். அந்த நேரத்தில் எல்லோரிடமும் ஆள் இருந்தால், அதே வீரர் சும்மா போவார்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,574 பேர். கடைசிப் பட்டியலில் வந்தவர்கள் 577 பேர். விலை போனவர்கள் 182 பேர்.

அந்த 1,574 பேரும் சாதாரண ஆட்டக்காரர்கள் அல்ல. மாநில அணி, தேசிய அணி என்று மேலே வந்தவர்கள். அவர்களிலேயே எட்டுப் பேருக்கு ஒருவர்கூடத் தேறவில்லை என்று சொல்லலாம். ஓமலூர்க் காட்டில் ஆடும் பையனுக்கும் அந்தப் பட்டியலுக்கும் நடுவே எத்தனை படி இருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

என்றாலும் ஏலத்தில் ஒரு நன்மை உண்டு. எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது. யாருக்கு என்ன விலை என்று நாடே பார்க்கிறது.

2014-க்கு முன்பு, இந்திய அணிக்கு ஆடாத இளைஞர்கள் ஏலத்துக்கு வரவில்லை. அணிகள் அவர்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தன. அதற்கு வாரியம் ஒரு தொகையை நிர்ணயித்திருந்தது. அதற்கு மேல் மறைவாகக் கொடுக்கிறார்கள் என்று புகார் எழுந்தது. 2010-ல் ரவீந்திர ஜடேஜா வேறோர் அணியோடு பேரம் பேசினார் என்று, அந்த ஆண்டுப் பந்தயம் முழுவதும் ஆடத் தடை விதித்தார்கள். 2014 முதல் அந்த இளைஞர்களும் ஏலத்துக்கு வந்தார்கள்.

ஏலம் இல்லாமல், வீட்டுத் திண்ணையில் பேரம் நடந்தால் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ளக் கடல் கடந்து ஒரு தீவுக்குப் போக வேண்டும்.

கரும்புத் தீவு

அமெரிக்காவுக்குத் தெற்கே கரீபியன் கடலில் டொமினிகன் குடியரசு என்று ஒரு நாடு இருக்கிறது. ஒரே தீவில் ஒரு பகுதி அது, மறு பகுதி ஹெய்ட்டி நாடு. மக்கள் தொகை சுமார் 1 கோடியே 10 லட்சம். கரும்புக்குப் பேர்போன பூமி.

அங்கே பையன்கள் ஆடுவது பேஸ்பால். கட்டையால் பந்தை அடித்து ஓடும் ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்றால் பணம் கொட்டும். அங்குள்ள 30 பெரிய அணிகளும் இந்தச் சின்ன நாட்டில் பயிற்சிக்கூடம் வைத்திருக்கின்றன. அமெரிக்கப் பெரிய பந்தயத்தில் ஆடும் வீரர்களில், பத்துக்கு ஒருவர் இந்த நாட்டில் பிறந்தவர்!

உதாரணத்துக்கு ஒருவர் ஜுவான் சோட்டோ. 2015-ல் 16 வயதில் அவரை வாஷிங்டன் அணி எடுத்தது. கொடுத்தது 15 லட்சம் டாலர். 2024 டிசம்பரில் நியூயார்க் அணி ஒன்று அவரோடு 15 ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. தொகை 76 கோடியே 50 லட்சம் டாலர்!

இந்தச் செய்தியைக் கேட்ட தகப்பன் தூங்குவாரா?

தரகர் வருகிறார்

அமெரிக்கப் பையன்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. டொமினிகன் பையன்களுக்கு அந்த முறை இல்லை. 16 வயது வந்ததும் அணி நேரே ஒப்பந்தம் செய்யலாம். இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15-ல் அதற்குக் கதவு திறக்கிறது.

ஆனால் பேச்சு அதற்கு வெகுநாள் முன்பே முடிந்துவிடுகிறது. 12, 13 வயதிலேயே வாய்வார்த்தையாக விலை பேசிவிடுகிறார்கள்.

இந்தப் பேரத்தில் நடுவே நிற்பவருக்கு அங்கே "புஸ்கோன்" என்று பெயர். தேடிப் பிடிப்பவர் என்று பொருள். சிறுவனைத் தேடிப் பிடிப்பார். சோறு போடுவார். தங்க இடம் கொடுப்பார். மட்டை, கையுறை வாங்கித் தருவார். மூன்று நான்கு ஆண்டு பயிற்சி கொடுப்பார். ஒப்பந்தம் ஆனால் தம் பங்கை எடுத்துக்கொள்வார். 30 சதவீதம், அதற்கு மேலும் கேட்பவர்கள் உண்டு.

நம் பக்கத்து மக்களுக்கு இது புதிது அல்ல. பள்ளிப்பாளையம் பக்கத்து விசைத்தறிகளில் முன்பணம் வாங்கித் தறி ஓட்டும் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். முன்பணம் கொடுத்தவர் கை எப்போதும் மேலேதான் இருக்கும்.

தரகரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. அவர் பத்துப் பையன்களுக்குச் சோறு போடுகிறார். ஒருவனோ இருவரோதான் விலை போவார்கள். மற்றவர்களுக்குச் செய்த செலவையும் அந்த ஒருவன் தலையில்தான் வைக்கிறார். குடும்பத்துக்கு வேறு வழி இல்லை. அணிக்கும் அவர் தேவை. ஆகவே அவர் இருக்கிறார்.

வயதில் சூது

இன்னொரு கேடும் உண்டு.

16 வயதில் நல்ல விலை. அதே திறமை 19 வயதில் வந்தால், விலை பாதிக்கும் கீழே. "இவன் இன்னும் வளருவான்" என்ற நம்பிக்கைக்குத்தான் அங்கே விலை. அதனால் வயதைக் குறைத்துக் காட்டும் ஆசை வருகிறது.

2001-ல் அமெரிக்காவில் 12 வயதுச் சிறுவர்களின் பந்தயம் நடந்தது. டேனி அல்மான்டே என்ற டொமினிகன் சிறுவன் எல்லோரையும் மலைக்க வைத்தான். பிறகுதான் தெரிந்தது, அவன் வயது 14 என்று. பிள்ளை ஆடினான். பொய்ச் சான்று காட்டியவர்கள் பெரியவர்கள்!

இந்தியக் கிரிக்கெட் வாரியமும் 16 வயதுக்கு உட்பட்டோர் பந்தயத்துக்கு, மணிக்கட்டு எலும்பைப் படம் பிடித்து வயது பார்க்கிறது. சூது எங்கும் ஒன்றுதான்.

அணியின் ஆட்களே கை வைத்ததும் உண்டு. சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியில் வீரர்களை எடுக்கும் பொறுப்பில் இருந்த டேவிட் வில்டர், பையன்களுக்குப் போகும் பணத்தில் பங்கு வாங்கியதாக 2008-ல் வேலை நீக்கம் செய்யப்பட்டார். 2011-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதெல்லாம் ஒரு புறம். பெரிய இழப்பு வேறு. ஒப்பந்தம் கிடைத்தவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பெரிய பந்தயத்தை எட்டுவதில்லை. 13 வயதில் பள்ளியை விட்ட பையன், 20 வயதில் வெறும் கையோடு ஊர் திரும்புகிறான்.

இந்தியப் பையன்கள் இருவரும் அந்த உலகத்தை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் ஈட்டி எறிபவர்கள். 2008-ல் வேகமாகப் பந்து எறியும் போட்டி ஒன்றில் தேறினார்கள். அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணி அவர்களை எடுத்தது. அமெரிக்க அணியில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் அவர்கள்தான். இருவரும் பெரிய பந்தயம் வரை போகவில்லை. ரிங்கு சிங் பிறகு மல்யுத்தத்துக்குப் போனார்.

இங்கே பிறந்ததால் பிழைத்த கை

இப்போது சின்னப்பம்பட்டிக்குத் திரும்பலாம்.

நடராஜன் டொமினிகன் நாட்டில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

16 வயதில் அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்து. எந்தத் தரகரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். 23 வயதில் கை மடங்குகிறது என்ற புகார். அங்கே கதை முடிந்திருக்கும். இங்கே அவர் முதல் ஏலத்துக்கு வந்தபோது வயது 25!

சில மரம் சீக்கிரம் காய்க்கும். சில மரம் தாமதமாகக் காய்க்கும். தாமதமாகக் காய்க்கும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். நடராஜனுக்கு ஜெயப்பிரகாஷ் கிடைத்தார். தரகராக அல்ல, அண்ணனாகக் கிடைத்தார்.

ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அப்படி ஓர் அண்ணன் இருப்பாரா? இதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி.

அந்த அண்ணன் இல்லாத இடத்தில் தரகர் வருவார். இங்கும் வயது கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. 2024 நவம்பர் ஏலத்தில், பீகாரைச் சேர்ந்த வைபவ் சூரியவன்ஷி என்ற 13 வயதுச் சிறுவனை ராஜஸ்தான் அணி 1 கோடியே 10 லட்சத்துக்கு எடுத்தது. 2025 ஏப்ரல் 28-ல் அவன் 35 பந்தில் 100 ரன் அடித்தான். நாடே கொண்டாடியது. மகன் ஆட்டத்துக்காக நிலத்தை விற்றதாக அவன் தந்தை சொல்லியிருந்தார்.

அந்த வீட்டுக்குப் பலன் கிடைத்தது. ஆனால் விற்ற நிலம் திரும்பாத வீடுகளைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் செய்தி வராது.

யார் கொடுக்க வேண்டும்?

கால்பந்து உலகில் ஒரு நல்ல விதி இருக்கிறது. ஒரு வீரரை ஒரு சங்கம் இன்னொரு நாட்டுச் சங்கத்துக்கு விலைக்கு விட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை வளர்த்த சங்கங்களுக்குப் போக வேண்டும். 12 வயது முதல் 23 வயது வரை எங்கெங்கே பயிற்சி பெற்றாரோ, அங்கெல்லாம் பங்கு போகும்.

ஐ.பி.எல். ஏலத்தில் அப்படி ஒரு விதி இல்லை. வாரியம் மாநிலச் சங்கங்களுக்குப் பணம் கொடுக்கிறது. ஆனால் வீரரை வளர்த்த ஊர்க் களத்துக்கு ஏலத் தொகையில் பங்கு கிடையாது.

விதி செய்யாததை நடராஜன் தாமே செய்தார். சின்னப்பம்பட்டியில் பையன்களுக்குப் பயிற்சிப் பள்ளி வைத்தார். சொந்தச் செலவில் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்து வைத்தார். தோல் பந்துக்கு ஏங்கிய பையனின் ஊரில், இன்று புல் முளைத்த களம் இருக்கிறது.

அது ஒரு வீரரின் நல்ல மனம். நல்ல மனத்தை நம்பியே ஒரு நாட்டின் விளையாட்டு நடக்க முடியாது. ஓர் ஏலத்தில் 639 கோடி ரூபாய் புரளுகிறது. அதில் நூற்றுக்கு ஒன்று ஊர்க் களங்களுக்குப் போனாலும், 6 கோடிக்கு மேல் வரும். எத்தனை தோல் பந்து! எத்தனை ஜோடி பூட்ஸ்!

பெற்றோர் கவனிக்க

விதி வரும் வரை வீடுதான் காவல்.

பையன் ஆடட்டும். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆட வேண்டாம். ஆட்டத்தில் காயம் ஒரு நொடியில் வரும். அப்போது கைகொடுக்கப் படிப்பு வேண்டும்.

வயதுச் சான்றில் கை வைக்க வேண்டாம். பொய் வெளிப்பட்டால் கெடுவது பிள்ளையின் பெயர்.

"அணியில் இடம் வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு" என்று கேட்பவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். ஏலத்தில் அணிதான் வீரருக்குப் பணம் கொடுக்கிறது. வீரர் அணிக்குக் கொடுப்பதில்லை.

படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். படிக்கத் தெரிந்தவரை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கேட்ட பிறகு போடலாம்.

காட்டை விற்க வேண்டாம். ஏலத்தில் சொல்லும் தொகை ஓர் ஆண்டுச் சம்பளம். அதில் வருமான வரியும் போகும். அடுத்த ஆண்டு 3 கோடி 40 லட்சம் ஆகலாம். காடு காடாகவே இருக்கும்.

வெயில் ஏறிவிட்டது. ஓமலூர்க் காட்டில் ஆட்டம் முடிந்து, பையன்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். நாளைக்குத் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் உண்டு.

அவர்களில் யார் கை கோடி பெறும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. விலை போகாத கைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கும் நாளைக்கு ஒரு பிழைப்பு வேண்டும். இன்றே அதற்கு வழி செய்துவிட்டுத்தான், பையனைக் களத்துக்கு அனுப்ப வேண்டும்.